இது ஏரியாவா, ஏரியா?

ஜூன், ஜூலை வந்தால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே ரகம். பையன் காலேஜ் முடித்துவிட்டான். கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. மெட்ராஸில் போஸ்டிங். (1996லேயே சென்னை ஆகிவிட்டது என்றாலும் ஊர்ப்பக்கத்தில் இன்னும் 'மெட்ராஸுக்குப் போறான்' என்றுதான் சொல்கிறார்கள். 'சென்னைக்குப் போறான்' என்றால் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவான் போலத் தொனிக்கிறது.) அடுத்து அந்தக் கேள்வி. "நீங்க அங்கேயே ரொம்ப வருஷமா இருக்கீங்களே... எந்த ஏரியா நல்ல ஏரியா?"

'எந்தச் செருப்பு நல்ல செருப்பு?' என்று கேட்பது மாதிரி இது. கால் யாருடையது என்று தெரிய வேண்டாமா?

மெட்ராஸ்காரர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மயிலாப்பூர்க்காரருக்கு லஸ்ஸைத் தாண்டினால் வனவாசம். அண்ணா நகர்க்காரர் தன் ரோட்டின் அகலத்தை, தானே போட்ட மாதிரி பெருமையாகச் சொல்வார். நங்கநல்லூர்க்காரர் கோயில்களை எண்ண ஆரம்பிப்பார், ஆபீஸுக்கு நேரமாகிவிடும். தாம்பரத்துக்காரர் "எங்க தண்ணியக் குடிச்சுப் பாருங்க ஸார்" என்று டம்ளரோடு நிற்பார். அவரவர் குடியிருக்கிற ஏரியாவைக் குறை சொன்னால், அங்கே வீடு வாங்கின தன்னையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். மனுஷ சுபாவம்.

அதனால் நான் ஏரியா பெயர் சொல்வதில்லை. சில கேள்விகளைக் கொடுத்துவிடுகிறேன். பதில்களை நீங்களே நிரப்பிக்கொண்டால் ஏரியா தானாக வந்து விழும்.

முதல் கேள்வி, ஆபீஸ் எங்கே? சுலபமான கேள்வி என்று நினைக்காதீர்கள். ஆஃபர் லெட்டரில் இருப்பது கம்பெனியின் விலாசம். உங்கள் நாற்காலியின் விலாசம் வேறு. டிரெய்னிங் சிறுசேரியில், பிராஜெக்ட் கிண்டியில், கிளையன்ட் அம்பத்தூரில் என்று மூன்று மாதத்தில் மூன்று திசைக்குத் துரத்துவார்கள். ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு வீடே பார்க்காதீர்கள். பி.ஜி.யிலோ, சீனியர் ரூமிலோ ஒரு பாயை விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருந்தது. எத்தனையோ ஊர்ப் பையன்களின் முதல் மெட்ராஸ் விலாசம் அதுதான். ஒரு கட்டில், ஒரு கொடி, பொதுக் குளியலறைக்குக் க்யூ, கீழே மெஸ். மேன்ஷன் இன்றைக்கும் இருக்கிறது. அதன் பேரன்தான் ஓ.எம்.ஆர். பக்கத்து 'த்ரீ ஷேரிங்' பி.ஜி. வைஃபை சேர்ந்திருக்கிறது. க்யூ மாறவில்லை.

நாற்காலி நிலைத்துவிட்டதா? இப்போது ஒரு கணக்கு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் சோழிங்கநல்லூர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு, உங்கள் பங்கு வாடகை 8,000 ரூபாய். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. இன்னொன்று 11,000 ரூபாய். போக அரை மணி, வர அரை மணி. "மூவாயிரம் மிச்சம்" என்று முதல் வீட்டுக்கு ஓடுவதுதான் நம் பழக்கம். பொறுங்கள். கிட்டத்து வீட்டில் தினம் 2 மணி நேரம் மிச்சம். மாதம் 22 நாளுக்கு 44 மணி. 3,000 ரூபாயை 44 ஆல் வகுத்தால் மணிக்கு 68 ரூபாய். கையில் வரும் சம்பளம் 30,000 என்றால், தினம் 9 மணி நேர வேலைக்கு மணிக்கு சுமார் 150 ரூபாய் ஆகிறது. அதாவது உங்கள் ஒரு மணி நேரத்தைக் கம்பெனி 150 ரூபாய்க்கு வாங்குகிறது. வீட்டுக்காரர் அதை 68 ரூபாய்க்குத் திருப்பித் தருகிறார். இந்த மாதிரி வியாபாரம் பாரிமுனையில்கூட நடக்காது!

வருஷத்துக்குக் கூட்டினால் 528 மணி நேரம். முழுசாக 22 நாள். ராத்திரி பகலாக 22 நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே இருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

ஒரு திருத்தம். எல்லா மணி நேரமும் ஒரே மணி நேரம் கிடையாது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ஒரு மணியும், மின்சார ரயிலில் உட்கார்ந்து தூங்குகிற ஒரு மணியும் வேறு. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931லிருந்து ஓடுகிறது. ஆபீஸ் எழும்பூர், நுங்கம்பாக்கம் பக்கம் என்றால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் 'தூரம்' கணக்கில் வராது. சீசன் டிக்கெட் விலையைப் பார்த்தால் ரயில்வே மேல் பரிதாபமே வரும். ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன. கிண்டியில் மெட்ரோவும் மின்சார ரயிலும் பக்கத்துப் பக்கத்தில். பிராஜெக்ட் எந்தத் திசைக்கு மாறினாலும் இந்த மாதிரி ஜங்ஷன் ஏரியாக்காரன் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை என்றால் இதெல்லாம் மறந்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: கம்பெனி பஸ் எங்கே நிற்கும்? அந்த ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. அவ்வளவுதான்.

வடசென்னை என்றால் பையன்கள் கொஞ்சம் ஜெர்க் ஆகிறார்கள். எல்லாம் சினிமா பார்த்த வினை. 2019ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியாக விமான நிலையம் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. 2021ல் விம்கோ நகர் வரை நீண்டுவிட்டது. சென்ட்ரல், அண்ணா சாலைப் பக்கம் ஆபீஸ் இருக்கிறவன் தண்டையார்பேட்டையை ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. யாரும் அரிவாளோடு நிற்கவில்லை. காலையில் இட்லிக் கடையில்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். இதில் மெட்ராஸ் ஒரு விசித்திரமான ஊர். ஜூனில் "தண்ணி வருதா?" என்று கேட்க வேண்டும். டிசம்பரில் அதே கேள்வியைப் பயத்தோடு கேட்க வேண்டும்.

என் அக்கா பையன் கோவில்பட்டிக்காரன். சோழிங்கநல்லூரில் வேலை. வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ப்ரோக்கர் நல்ல சுறுசுறுப்பு.

"சூப்பர் ஏரியா ஸார். ஆபீஸ் இங்கேருந்து பத்து நிமிஷம்."

ப்ரோக்கர் பத்து நிமிஷம் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சிக்னல் வேலை செய்யாதபோது, புல்லட்டில் போகிற பத்து நிமிஷம்.

"மழை பெஞ்சா எப்படிங்க?" என்றேன்.

"சுத்தமா நிக்காது ஸார்."

நான் எதிர்சாரியில் இஸ்திரி போடுகிறவரிடம் போனேன். "அண்ணே, 2015 மழையில இங்கே தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" அவர் பேசவே இல்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். "2023?" கை கொஞ்சம் கீழே இறங்கி முட்டிக்கு மேலே நின்றது.

பையன் ப்ரோக்கரைப் பார்த்தான். "என்னங்க, இது ஏரியாவா, ஏரியா?"

அவன் ஜோக்கடிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நியாயமான கேள்விதான். இந்த ஊரில் பாதி ஏரியா, ஏரிதான். தி.நகரையே 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத்தான் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டம் இருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். 'தாங்கல்' என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல் ஸ்டேஷன் போர்டைப் படித்தாலே போதும். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் பொய் சொல்லாது. ப்ரோக்கர்தான் சொல்வார்.

தெற்குப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பள்ளிக்கரணையைப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு சதுப்பு நிலம். இயற்கை வைத்த பெரிய ஸ்பாஞ்சு. சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலைச் சேர வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஸ்பாஞ்சு மேல் குப்பை கொட்டினோம், ரோடு போட்டோம், வீடு கட்டினோம். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் ஸ்பாஞ்சு ரொம்பச் சின்னதாகிவிட்டது. தண்ணீருக்குப் பட்டாவெல்லாம் தெரியாது. பழைய விலாசத்துக்கே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் மிதந்தன.

அதற்காக அங்கே லட்சக்கணக்கானவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஒரே ஏரியாவில் ஒரு தெரு முங்கும், அடுத்த தெரு முங்காது. அதனால் தெருவைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? புதிதாகக் கட்டின வீடுகளுக்கெல்லாம் வாசலில் ஏழெட்டுப் படியா? படிகளை எண்ணினால் அந்தத் தெருவின் பயத்தை அளந்துவிடலாம். தரைத்தளம் 1,500 ரூபாய் குறைவு என்றால் எதற்குக் குறைவு என்று கேளுங்கள். முதல் மாடி போதும். பைக்கை எங்கே ஏற்றி வைப்பது என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி ஜூனில். 2019ல் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் வறண்டு வெடித்துப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள் "தண்ணி இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்றன. வீட்டில் மட்டும் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய பெரிய அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரில் ஓடுகிறவை. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது: மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? லாரி என்றால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா? பாத்ரூமுக்குப் போய்க் குழாயைப் பாருங்கள். வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். முடி கொட்டுமா என்று விஞ்ஞானிகள் முடிவு செய்யட்டும். துணி பழுக்கும், பருப்பு வேகாது. இரண்டுக்கும் நான் சாட்சி.

மூன்றாவது கேள்வி அட்வான்ஸ். இதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம். இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது என்னவோ வேதத்தில் எழுதியிருக்கிற மாதிரி நடக்கிறது. வாடகை 12,000 என்றால் 1,20,000. முதல் சம்பளமே வாங்காத பையன் எங்கே போவான்? அவன் போக மாட்டான். அவன் அம்மா போவாள், வளையலோடு, அடகுக் கடைக்கு. 'பையனுக்கு வேலை கிடைச்சாச்சு' என்று தெருவுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்த அதே வாரத்தில்.

தமிழ்நாட்டின் 2017ம் வருஷத்து வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது செல்லாது என்கிறது, 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய'. அந்த 'ஒழிய' என்கிற ஓட்டை வழியாக யானையே போகும். பத்து மாதம் என்று எழுதி உங்கள் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் பத்துதான். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவன் குரலில் ஒரு தெம்பு வரும். "ஸார், சட்டப்படி மூணு மாசம்தான். நான் அஞ்சு தரேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பத்து ஆறான கதைகள் உண்டு. சண்டை போட்டவர்களுக்கு வீடே கிடைக்காத கதைகளும் உண்டு. பணிவு முக்கியம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பணம் பேங்க் வழியாகப் போகட்டும். 'காலி செய்யும்போது பெயின்ட்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்று ஆறாவது பாராவில் பதுங்கி இருக்கும், கண்டுபிடித்துப் பேசுங்கள். கரண்ட் மீட்டர் தனி இணைப்பா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர் என்றால் அந்த 100 அவருக்கு. உங்களுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் ஒரு ரேட் வைத்திருப்பார்.

இதெல்லாம் 'பேச்சுலருக்குக் கொடுப்பீங்களா?' என்கிற கட்டத்தைத் தாண்டிய பிறகு. 'ஃபேமிலி ஒன்லி' போர்டு தொங்குகிற வீட்டில், நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஒரு பையனுக்காகப் பேசினேன். "ராத்திரி பூரா ஆபீஸ்ல இருப்பான், பகல் பூரா தூங்குவான், சத்தமே வராது. இவனைவிட நல்ல குடித்தனக்காரர் கிடைக்க மாட்டார்மா" என்றேன். வீட்டுக்கார அம்மா பையனை ஏற இறங்கப் பார்த்தார். "பகல்ல தூங்குறியாப்பா? உடம்புக்கு என்ன?" வீடு கிடைத்தது. அதோடு தினம் சாயங்காலம் சுக்குக் காபியும் கிடைத்தது.

நான்காவது, 'வரப்போகிறது'. ரியல் எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை வினைச்சொல்லும் எதிர்காலத்தில்தான் இருக்கும். மெட்ரோ வரப்போகிறது, பாலம் வரப்போகிறது, மால் வரப்போகிறது. பறக்கும் ரயில் 2007ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர்தான், இதோ வந்துவிடும் என்றார்கள். 2010ல் வரவில்லை, 2015ல் வரவில்லை, 2020லும் வரவில்லை. அதை நம்பி வீடு எடுத்த பேச்சுலர்கள் கல்யாணமாகி, குழந்தை பெற்று, அந்தக் குழந்தை ஸ்கூலுக்கே போக ஆரம்பித்திருக்கும். சொந்த வீடு வாங்குகிறவர் 'வரப்போகிற'தற்குப் பணம் கொடுக்கலாம். வாடகைக்கு இருக்கிற நீங்கள் இன்றைக்கு வந்துவிட்டதற்கு மட்டும் கொடுங்கள்.

ஐந்தாவது, ஊருக்குப் போகிற வழி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உங்கள் மனசு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தென் மாவட்டப் பஸ்கள் அங்கிருந்துதான். அண்ணா நகரில் குடியிருக்கிற மதுரைக்காரன் முதலில் கிளாம்பாக்கத்துக்கே ஒரு பிரயாணம் போக வேண்டும். பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் இருக்கிறவனுக்கு அது எட்டுகிற தூரம். தெற்கு ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்திலும் நிற்கின்றன. மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போகிற ஆசாமி என்றால் இதையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் வயசான அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் கண்டிப்பாக.

ஆறாவது கேள்வியை எந்த ப்ரோக்கரிடமும் கேட்க முடியாது. மூன்று நாள் நீங்கள் வெளியே தலைகாட்டாவிட்டால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஆதம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி ரூமில் இருந்தான். கூட இருந்த நண்பன் ஆன்சைட் போய்விட்டான். நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கிற பெரிய அபார்ட்மென்டுக்கு மாறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். நடுவில் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டான். ஆபீஸுக்கு லீவு மெசேஜ் போட்டாகிவிட்டது. அவர்களுக்கு அவன் 'லீவு'. அம்மாவுக்குப் போனில் "நல்லா இருக்கேம்மா". அவளுக்கு அவன் 'நல்லா இருக்கான்'.

தெருமுனையில் இட்லி விற்கிற ஒரு அக்கா மட்டும், தினம் நாலு இட்லி, ஒரு வடை சாப்பிடுகிற தம்பி இரண்டு நாளாக வரவில்லையே என்று கணக்குப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் தூக்குவாளியில் கஞ்சியோடு மாடி ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறார். அவனால் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆனதாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. டெங்கு, ரத்தத் தட்டணுக்கள் எக்கச்சக்கமாகக் குறைந்துவிட்டன. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, பையனின் அம்மா நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிழைத்துவிட்டான். இப்போது சம்பளம் இரண்டு மடங்கு. அதே மொட்டைமாடி ரூமில்தான் இருக்கிறான். நீச்சல் குளம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "எனக்கு நீச்சல் தெரியாது ஸார்" என்றான்.

அபார்ட்மென்டில் மனிதர்கள் இல்லை என்று சொல்லவில்லை. பதினாலாவது மாடியிலும் நல்ல பக்கத்து வீடு அமையும். பழைய தெருவிலும் முகம் பார்க்காத ஜனங்கள் உண்டு. வித்தியாசம் ஏரியாவில் பாதி, நம்மிடம் பாதி. வாட்டர் கேன் போடுகிறவரின் பெயர் தெரியாமல் இரண்டு வருஷம் குடியிருந்து, 'மெட்ராஸ்ல மனுஷங்களே சரியில்ல' என்று ஊரில் போய்ச் சொல்கிறவர்கள் நிறைய.

ஆகவே ஏரியாவை முடிவு செய்துவிட்டீர்கள், அட்வான்ஸ் பேசிவிட்டீர்கள், பெட்டியை இறக்கிவிட்டீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே கீழே இறங்கி ஒரு ரவுண்டு போங்கள். டீக்கடை, இஸ்திரி வண்டி, மருந்துக்கடை, மெஸ். பெயர் சொல்லுங்கள், ஊர் சொல்லுங்கள், எந்த மாடி என்று சொல்லுங்கள்.

இதற்கு மட்டும் யாரும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதில்லை.